அத்தை மடியில் காதுகுத்து

என் மகளின் காதுகுத்து, மேற்கு மாம்பலம் வீட்டில். எனக்கு அண்ணன் தம்பி இல்லை. அதனால் தாய்மாமன் முறைக்கு, என்னைக் கேட்காமலே தன் அண்ணனை அழைத்துவிட்டார் அம்மா. என் சிறுவயதில் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டவர் அவர். இது என் நாத்தனாருக்கு மட்டுமே தெரியும்.

அவர் மடியில் குழந்தையை உட்காரவைக்கச் சொன்னார் அம்மா. நான் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டேன். நாத்தனார் சட்டென்று குழந்தையை வாங்கி, "அத்தை மடியில உக்காரட்டும்" என்றாள். முறைத்த அம்மாவை உள்ளே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு வேணாம்னு அழுதியேடி... நான்தானே 'மாமாதான, போ'ன்னு அனுப்புனேன்" என்று தேம்பிய அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். "அண்ணே, நீ கிளம்பு" என்றார்.

இப்போது அடையாறில் மனநல ஆலோசகரைப் பார்க்கிறேன். அம்மாவும் கூட வருகிறார். மகள் யாரிடமாவது போக மறுத்தால், காரணம் கேட்பதற்கு முன்பே தூக்கிக்கொள்கிறேன்.