செய்தி வாசிப்பவரின் இரண்டாவது மூக்கு

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகளில், அவற்றில் ஒன்றில் நான் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. ஏணியில் ஏறித் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் ஷிப்ட் முடியும்வரை கீழே இருப்பவர்களின் உச்சந்தலைகள்தான் காட்சி. கொக்கியில் டன் கணக்கில் இரும்பு தொங்கும். கீழே ஒருவன் நின்று கையை அசைத்துத் திசை காட்டுவான். அந்தக் கை எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அவன் வீட்டில் இழவு விழும்.

அதனால் வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் எங்கள் கண்ணைப் பரிசோதிப்பார். எனக்கு முன்னால் அந்தக் கூண்டில் இருந்தவர் அந்தப் பரிசோதனையில் தேறாமல்தான் கேட்டுக்கு வாட்ச்மேனாக வந்தார். காலையில் நான் உள்ளே நுழையும்போது ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வணக்கம் சொல்வார். தங்கமான மனிதர். ஆனால் அவர் கையெடுத்துக் கும்பிடும்போதெல்லாம், அடுத்து அந்த ஸ்டூலில் நான்தானோ என்று தோன்றும்.

இந்த நிலைமையில்தான் என் சகலை டி.வி. வாங்கினான். சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். பஜாருக்குப் பின்னால் பெரிய வீடு, நெல் மில், ஊருக்கு வெளியே நஞ்சை. மெட்ராஸிலிருந்து வேனில் வந்து இறங்கியது பெட்டி. நாலு கால், தேக்கு நிறத்தில் பளபளக்கும் மரக்கூடு, முன்னால் இழுத்து மூடும் மடிப்புக் கதவு, அதற்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி, அந்தச் சாவி சகலையின் அரைஞாண் கயிற்றில். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் கதவைத் திறந்தான்.

அடுத்த மாதமே எதிர்வீட்டு இறால் ஏஜெண்டும் ஒன்று வாங்கிவிட்டார். பழவேற்காட்டில் இறாலை எடுத்து மெட்ராஸுக்கு ஐஸ் போட்டு அனுப்புகிறவர். அவர் பெட்டி சகலையின் பெட்டியைவிட ஒரு சாண் அகலம், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். அவ்வளவுதான், தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. எந்தப் பெட்டியில் படம் தெளிவு என்பதைத் தவிர டீக்கடையில் வேறு பேச்சே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டுக்குப் புதுச் சாமான் வந்திருக்கும்போது அதில் குறை சொல்லக்கூடாது. மாடானாலும் சரி, மருமகளானாலும் சரி, வாயைத் திறந்தால் நல்ல வார்த்தைதான் வர வேண்டும். மீறிச் சொன்னால் கண் வைத்துவிட்டான் என்பார்கள். அப்புறம் அந்தச் சாமானுக்கு எது நேர்ந்தாலும் பழி நம் தலையில்தான். அதனால் சகலை வீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ‘அப்பிடியே எதுக்க நிக்கற மாதிரி கீது’ என்றார்கள். ஏஜெண்டு வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே ஆட்கள் அதையேதான் சொன்னார்கள். தீர்ப்பு எப்படிக் கிடைக்கும்?

கடைசியில் சகலைக்கு என் ஞாபகம் வந்தது.

“அண்ணா, நீதான் சொல்லணும். கிரேன்காரன் கண்ணு. அம்மாம் ஒசரத்துலேர்ந்து கீழ ஆணி கெடந்தாக்கூட தெரியுதுன்றியே, எந்தப் படம் சுத்தம்னு பாத்து சொல்லிடு. எதுத்தூட்டுக்காரரும் ஒத்துக்கினாரு.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். சகலை சாவியைப் போட்டுக் கதவை இழுத்தான். ஒரு நிமிடம் மழை பெய்வதுபோல் பொடிப்பொடியாகக் கொட்டியது. பிறகு செய்தி வாசிப்பவர் வந்தார். அவருக்கு இரண்டு மூக்கு இருந்தது.

ஒன்று இருக்க வேண்டிய இடத்தில். இன்னொன்று கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, நிழல்போல. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். இரண்டு நெற்றி, இரண்டு ஜோடிக் காது, மேசைமேல் இரண்டு பூச்சாடி. சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டு செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவிகூடக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாண்ணா, எப்பிடி கீது?”

“கண்ணாடி மாதிரி கீதுப்பா” என்றேன். வேறென்ன சொல்ல?

எதிர்வீட்டுக்குப் போகும்போது, சகலையின் பெட்டியில்தான் கோளாறாக இருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஏஜெண்டின் பெட்டியில் வயலும் வரப்பும் காட்டினார்கள். ஒரு மாட்டுக்கு நாலு கொம்பு. ஒரு பெட்டி கெட்டிருக்கலாம். இரண்டும் எப்படிக் கெடும்? வேறு வேறு கம்பெனி, வேறு வேறு கடை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது என் கண் மட்டும்தான். “ரெண்டும் சமம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஏஜெண்டு வீட்டுக் காபியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கூண்டில் உட்கார்ந்தால் கொக்கி ஒன்றாகத்தான் தெரிந்தது, கையும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் வியாதி முதலில் டி.வி. மாதிரி வெளிச்சமான சாமானில் ஆரம்பித்து, அப்புறம் மற்றதுக்கும் பரவும் என்று நானே ஒரு வைத்திய சாஸ்திரம் எழுதிக்கொண்டேன். பத்து நொடியில் இறக்க வேண்டிய பாரத்தை ஊசி கோப்பதுபோல இறக்கினேன். கீழே இருந்தவன், “இன்னாண்ணா, தூங்கிக்கினு கீறியா?” என்று கத்தினான். சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது ரயில்வே கேட் அருகே நின்று சிக்னல் விளக்கை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். அப்புறம் மறு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். கேட்கீப்பர் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார்.

யாரிடம் கேட்பது? ‘உனக்கு ஒண்ணா தெரியுதா, ரெண்டா தெரியுதா’ என்று ஒருவனிடம் கேட்டால் போதும், மறுநாள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும். மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அந்த மாதம் பார்த்து வந்த கல்யாண ஜாக்கெட்டுகளை எல்லாம் ‘நேரமில்ல’ என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். என்ன சொகுசு வந்துவிட்டது இவளுக்கு, என் வேலை போகப்போகிற நேரத்தில், என்று மனசுக்குள் எரிச்சல்பட்டேன். கண்ணுக்கு நல்லதென்று பொன்னாங்கண்ணிக் கீரை வாங்கி வந்து தினமும் சமைக்கச் சொன்னேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் சமைத்துப் போட்டாள்.

கண் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலப் படம் பார்க்கச் சகலை வீட்டில் கூடம் நிறைந்திருந்தது. ஏஜெண்டும் வந்திருந்தார், எங்கள் பெட்டியை வேவு பார்க்க. நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். சகலை விடவில்லை.

அன்றைக்கு அங்கே ஒரு புது ஆள் இருந்தார். பள்ளிப்பட்டுப் பக்கம் விவசாயம் செய்கிற, சகலையின் தூரத்துப் பங்காளி. விதைநெல் விஷயமாக வந்தவர். டி.வி.யை அதற்குமுன் பார்த்ததே இல்லை. குறை சொல்லக்கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்தான். ஆனால் எது குறை, எது நிறை என்று தெரிந்தால்தானே வாயைக் கட்ட முடியும்? படத்தில் கதாநாயகி வந்து நின்றதும் அவர் சத்தமாகவே கேட்டார்.

“இன்னா நைனா இது, ஒரு பொண்ணுக்கு ரெண்டு தலை கீது? டி.வி.ன்னா இப்பிடித்தானா?”

சகலையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் எழுந்தே நின்றுவிட்டேன். “உங்களுக்கும் ரெண்டா தெரியுது?” என்று கேட்டபோது என் குரல் எனக்கே விநோதமாக இருந்தது.

“தோ, மூஞ்சிக்குப் பக்கத்துல இன்னொரு மூஞ்சி. உனக்குத் தெரியல?”

அவ்வளவுதான். அணை உடைந்ததுபோல ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு முதல் நாளிலிருந்தே இரண்டாகத்தான் தெரிந்ததாம். இன்னொருவருக்கு மூன்றாவது ஒன்றும் லேசாகத் தெரிகிறதாம். சகலை தலையைச் சொறிந்தபடி, “எனக்கும் அப்பிடித்தான் கீது. நீங்கல்லாம் சூப்பர்னீங்கோ, நான் இன்னா சொல்றது?” என்றான். அந்த இடத்திலேயே அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

ஏஜெண்டுதான் மெதுவாகக் கேட்டார், “ஆமா, உங்க ஆண்டெனா எந்தப் பக்கம் பாத்துக்கினு கீது?”

எல்லோரும் மாடிக்கு ஓடினோம். படம் வருவது தெற்கே மெட்ராஸிலிருந்து, கம்பி அந்தப் பக்கம் பார்க்காவிட்டால் உருவம் இரட்டிக்கும். கம்பி வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் சரியாகத்தான் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவன் தலை மறைந்ததும் சகலை மேலே ஏறித் திருப்பியிருக்கிறான்.

“ராக்கெட்டே வுடறானுங்கோ அங்க, படம் வுட மாட்டானுங்களா?” என்றான் அழாக்குறையாக.

நாங்கள் சிரித்த சிரிப்பில் ஏஜெண்டு மட்டும் கலந்துகொள்ளவில்லை. நைசாகப் படியிறங்கித் தன் மாடிக்குப் போனார். அவரும் சகலையின் கம்பியைப் பார்த்து, அதே திசைக்கு, இன்னும் உயரமான குழாயில் திருப்பி வைத்திருந்தார். இரண்டு மாடியிலும் கம்பியைத் தெற்கே திருப்பியதும் கீழேயிருந்து, “ஒண்ணாயிடுச்சு! ஒண்ணாயிடுச்சு!” என்று கத்தினார்கள். இரண்டு பெட்டியிலும் கதாநாயகிக்கு ஒரே முகம், ஒரே மூக்கு.

அந்த வாரப் பரிசோதனையில் டாக்டர் காட்டிய கடைசி வரிவரைக்கும் படித்தேன். கூண்டில் இன்னும் பல வருடம் உட்கார்ந்தேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை. படம் முடிந்து நானும் மனைவியும் வீட்டுக்கு நடந்து வந்தோம். எனக்கு வாய் நிறையச் சிரிப்பு. பங்காளி கேட்டதை அதே குரலில் சொல்லிச் சொல்லிக் காட்டிக்கொண்டு வந்தேன். கூட வந்தவளைக் காணோம். திரும்பிப் பார்த்தால், தெருவிளக்கடியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“இன்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. இனிமே நான் தைக்கலாம்.”

எனக்குப் புரியவில்லை.

“எனக்கும் அன்னிலேர்ந்து ரெண்டாத்தான் தெரிஞ்சது. மத்தவங்க சொன்னத நான் கண்டுக்கல. ஊருக்கே கண்ணு நீங்க. நீங்களே கண்ணாடி மாதிரி கீதுன்னு சொன்னீங்க. அப்ப எனக்குத்தான் கண்ணு போவுதுன்னு நெனச்சேன். கல்யாணத் துணியை வாங்கிப் பாழாக்கிட்டா யாரு பதில் சொல்றது? அதான் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டேன்.”

ஒரே கூரைக்குக் கீழே, ஒரே கீரையைத் தின்றுகொண்டு, இரண்டு பேரும் தனித்தனியாகக் குருடாகிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கும் முதல் நாளிலிருந்தே இரண்டாகத்தான் தெரிந்தது என்று சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்த நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்க்க, கல்யாணமான நாளிலிருந்து திட்டாத திட்டெல்லாம் சேர்த்து என்னைத் திட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டே நின்றேன்.