மருந்து முடிந்தவர்களுக்குச் சொல்வது

தார்ப்பாயில் மழை விழும் சத்தம் கேட்டால் இன்றும் கைவேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறேன். ஓட்டில் விழும் மழை வேறு, வாழையிலையில் விழுவது வேறு. தார்ப்பாயில் விழுவது, யாரோ யாரையோ தட்டித் தட்டித் தூங்கவைப்பது போல. கொல்லயில் என்ற ஊரில், எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பாவின் ஜீப் அப்படித்தான் மூடிக் கிடந்தது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே ஆள் ஏற்றி ஓடிய ஜீப். அப்பா படுத்தார், அதுவும் படுத்துவிட்டது.

அந்த மழைக்காலத்தில் அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு வந்து தங்கினாள். நர்சிங் படித்து முடித்தவள். இங்கிலாந்துக்குப் போக டெல்லியில் நேர்முகத் தேர்வு. தேறினால் அங்கிருந்தே விமானம். அதற்காக நெய்யாற்றின்கரையில் ஒரு வகுப்புக்குப் போய்வந்தாள். இங்கிலாந்து நோயாளிகள் பாடப்புத்தகம் போலப் பேசமாட்டார்களாம். வீட்டு ஆட்களிடம் பேசுவதுபோலப் பேசுவார்கள், பதிலும் அப்படியே சொல்லவேண்டும், ஆள் பார்த்துச் சொல்லவேண்டும்.

ஆகவே பழகிப் பார்க்க ஒரு நோயாளி தேவைப்பட்டது. உண்மையான நோயாளி உள்ளறையில் இருக்க, என்னை ஏன் பெஞ்சில் படுக்கவைத்தாள் என்று நான் யோசிக்கவில்லை. எட்டு வயதில் இங்கிலாந்துக்காரியாக இருப்பது லேசான பதவியா? கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, “ஐ’ம் எ பிட் அண்டர் த வெதர், சிஸ்டர்” என்று முனகுவேன். கொஞ்சம் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தமாம். வெதர் என்றால் வானிலை என்றல்லவா பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்?

“நாம எல்லாரும் வானத்துக்குக் கீழதானே சித்தி கெடக்கோம்? அப்போ எல்லாருக்கும் தீனமா?”

“நீ நோயாளியாக்கும். நோயாளி கேள்வி கேக்கப்பிடாது.”

என் கையைத் தட்டி அவள் பதில் சொல்வாள்: “யூ வில் பி ரைட் ஆஸ் ரெயின்.” மழைபோலச் சுகமாகிவிடுவாய். எனக்கு இன்னும் தலை சுற்றும். எங்கள் ஊரில் மழையில் நனைந்தால்தானே காய்ச்சல் வரும்? அதைச் சொன்னால் சித்தியும் ஒரு நிமிடம் விழிப்பாள். “எனக்கும் அறியாது மக்கா. சொன்னா அவிய சிரிப்பாவளாம். அது போதும்.”

இன்னொரு பதிலும் உண்டு. “வி வில் கீப் யூ கம்ஃபர்ட்டபிள்.” சௌகரியமாக வைத்துக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் நாற்காலி இழுத்துப்போட்டு உபசரிப்பது போல இருந்தது எனக்கு. சித்தி அதைத் தனியாக, சுவரைப் பார்த்து மட்டும் சொல்லிப் பழகினாள்.

“எனக்கும் அதச் சொல்லுங்க சித்தி.”

“ஏட்டி, அது ஒனக்குள்ளது இல்ல. மருந்தெல்லாம் குடுத்து முடிஞ்சவியளுக்குச் சொல்லுயது.”

“அப்போ நாளைக்கு நான் மருந்து முடிஞ்ச ஆளு.”

“வாயக் கழுவு!” என்று தலையில் ஒரு தட்டு. தட்டிய கையாலேயே ஏன் என் நெற்றியைத் தடவினாள் என்று தெரியவில்லை.

மருந்து முடிவது என்னவென்று எனக்குத் தெரியாதா? சிவப்பு மருந்துக் குப்பி காலியானால் மறுநாள் பள்ளிக்கூடம்.

பிறகு அப்பாவைத் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தார்கள். ஜன்னலோரம் வரிசையாக நின்ற குப்பிகள் காணாமல் போயின. “இனி மருந்து வேண்டாம்னு சொல்லியாச்சு” என்று அம்மா வேலிக்கு அப்பால் யாரிடமோ சொன்னாள். நான் வகுப்பு முழுக்கச் சொன்னேன்: எங்கள் அப்பாவுக்குச் சுகமாகிவிட்டது, ஜீப் ஓடப்போகிறது! வீட்டுக்கு வந்தால் அம்மா அரிசி களைந்துகொண்டே அழுகிறாள். சந்தோஷத்திலும் அழுவார்கள் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் செய்துகொண்டேன். அது சரியாக உட்காரவில்லை. ஆனாலும் வைத்துக்கொண்டேன்.

சித்தி புறப்பட்ட காலையிலும் தூறல். அப்பாவின் கூட்டுக்காரர் ஒருவர் தார்ப்பாயை உருவி ஜீப்பைக் கிளப்பினார். “கிளச்ச மெதுவா விடச் சொல்லு” என்றார் அப்பா, கட்டிலில் இருந்தபடி. சித்தி உள்ளே வந்து அவர் காலடியில் நின்றாள். வாறேன் அத்தான் என்று சொல்லவேண்டிய இடம். அப்பாதான் ஆரம்பித்தார். இத்தனை நாளும் சுவருக்கு அந்தப்பக்கம் கிடந்து அவரும் படித்திருக்கிறார்.

“ஐ’ம் எ பிட் அண்டர் த வெதர், சிஸ்டர்.”

சித்தியின் வாய் திறக்கவில்லை. இங்கேயே திக்கினால் டெல்லியில் என்ன செய்வாள்? அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“கம்ஃபர்ட்டபிள் சொல்லுங்க சித்தி! அப்பாவுக்கு மருந்து முடிஞ்சாச்சுல்லா?”

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே ஹார்ன் அடித்தது. சித்தி போர்வையோடு சேர்த்து அப்பாவின் பாதத்தைப் பிடித்தாள்.

“ரைட் ஆஸ் ரெயின், அத்தான்.”

“தப்பு சித்தி! மாத்திச் சொல்லிட்டீங்க! அங்க போயி இப்படிச் சொன்னா தோத்துருவீங்க!”

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே சொன்னார்.

“அவ கெடக்கட்டு. நீ பாஸாக்கும். போயிட்டு வா மக்கா.”