தையலுக்கு விட்ட ஓர் அங்குலம்

அண்ணி காலமாகி இரண்டு மாதமாகிறது. தெருவில் அவருக்குக் குண்டூசி அக்கா என்று பெயர். பேசும்போதுகூட உதட்டோரம் நாலு குண்டூசி நிற்கும். அண்ணன் இறந்தபின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு, என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர். அந்த அறைக்கு ஒருநாள் மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. வரைபடத்தில் எங்கள் தெரு மஞ்சள், அதாவது குடியிருக்க மட்டும். அறுபது நாளில் கடையை மூட வேண்டும்.

அதே வாரம், நகரத்தின் நில உபயோக விதிகளைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று அலுவலகக் கூடத்தில் வரைவு வரைபடம் ஒன்றை ஒட்டினார்கள். வீட்டிலேயே சிறுதொழில் செய்யலாம் என்ற தெருக்களுக்கு ஆரஞ்சு நிறம். எங்கள் தெரு அதிலும் மஞ்சள்தான். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளில் சொல்லலாம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

“சொல்லலாம்னு அவங்களே சொல்றாங்கல்ல? அப்பறம் என்ன, சொல்லிடுவோம்” என்றார் அண்ணி.

மறுநாளே, சட்டைக்கு அளவு வெட்டும் பழுப்புத் தாளை எடுத்துப் போய் எங்கள் தெருவை வீடு வீடாக வரைந்துகொண்டு வந்தார். வெட்டு மேசையில் விரித்தோம். வீட்டில் தொழில் செய்பவர்கள் அவரவர் வீட்டின்மேல் சிவப்பு நூலில் ஒரு தையல் போட வேண்டும். இஸ்திரிக்காரர் போட்டார். டியூஷன் டீச்சர் போட்டார். சைக்கிள் கடைக்காரர் விரலைக் குத்திக்கொண்டார்.

“பஞ்சர் ஒட்டறவருக்கே பஞ்சரா?” என்றார் டீச்சர்.

நாலாம் நாள் பின்தெருவிலிருந்து ஊதுவத்தி உருட்டும் அம்மா வந்து தாளை உற்றுப் பார்த்தார். “எங்க வரிசையும் இதுல இருக்கே. எங்களுக்கும் சேத்துத்தான் கேக்கறீங்களா?” என்று ஒரு தையல் போட்டுவிட்டுப் போய், தன் வரிசையையே அனுப்பி வைத்தார்.

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பழக்கத்தில், துணி வெட்டும்போது தையலுக்கு விடுவதுபோலச் சுற்றிலும் ஓர் அங்குலம் கூட்டி வரைந்திருந்தார். அந்த அங்குலத்தில் பின்தெருவே வந்து உட்கார்ந்திருந்தது.

“தப்பாயிடுச்சு தம்பி. ஓரத்த வெட்டிடவா?”

“தையல் போட்டதுக்கு அப்பறம் யாராவது வெட்டுவாங்களா, அண்ணி?”

கத்தரியைக் கீழே வைத்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எங்கள் முறை வந்ததும், உதட்டுக் குண்டூசிகளை எடுத்து என் சட்டைப்பையில் குத்திவிட்டு எழுந்தார்.

“ஒரு தெருவுக்காகக் கலர் மாத்த முடியாதும்மா” என்றார் அதிகாரி. “பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தெருவாவது சேந்து கேக்கணும்.”

அண்ணி தாளை விரித்தார். அதிகாரி தன் வரைபடத்தோடு ஒப்பிட்டார்.

“என்னம்மா, உங்க தெரு இவ்வளவு தூரம் வருதா?”

“தையலுக்கு விட்டது சார். கைப்பழக்கம்.”

“பின்தெரு ஆளுங்க யாராவது வந்திருக்காங்களா?”

பின்னால் நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்தன. இருபத்து மூன்று பேர் எழுந்து நின்றார்கள். ஊதுவத்தி அம்மா இரண்டு கையையும் தூக்கியிருந்தார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, தையல்களை எண்ணிக் குறித்தார். முடிவு வரும்வரை நோட்டீஸை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

இறுதி வரைபடம் வந்த அன்று கூடத்துக்கு ஓடினோம். இரண்டு தெருவும் ஆரஞ்சு. நான் துள்ளிக்கொண்டிருந்தேன். அண்ணி கழுத்திலிருந்த டேப்பை எடுத்து ஆரஞ்சின் ஓரத்தை அளந்தார்.

“ரெண்டு அங்குலமா விட்டிருக்கலாம் தம்பி. மூணாவது தெருவும் உள்ள வந்திருக்கும்.”

பிறகு அவசரமாக வீட்டுக்கு நடந்தார். மாலைக்குள் பன்னிரண்டு பள்ளிச் சீருடை முடிக்க வேண்டியிருந்தது.