காரணம் என்ற கட்டம்

என் சகலைக்குக் காது குடையச் சாவிதான் வேண்டும். பஸ் டிப்போவில் உதிரிபாக ஸ்டோருக்குப் பொறுப்பாளர் என்பதால் இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கும். பேசிக்கொண்டே அதில் ஒல்லியான ஒன்றை எடுத்துக் காதுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். வெளியே இழுத்து என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு மேசையின் அடிப்பக்கத்தில் தேய்த்துவிட்டு, அதே கையால் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளி, "எடுத்துக்குங்க சகலை" என்பார். பதினோரு வருடமாக அந்த வீட்டில் நான் பிஸ்கட்டைத் தொட்டதில்லை.

ஆனால் மனிதர் நேர்மையானவர். இருபத்தாறு வருட வேலையில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டுகூட ஸ்டோரை விட்டு வெளியே போனதில்லை. யார் கேட்டது, என்றைக்கு, என்ன காரணம் என்று மூன்று கட்டத்தையும் நிரப்பினால்தான் பொருள் கிடைக்கும். பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு மெக்கானிக் ஒரு வாஷருக்காகத் தொண்டை கிழியக் கத்தினாலும் சரி, காரணம் எழுதாமல் கிடையாது. குடி இல்லை, சீட்டு இல்லை, வம்பு இல்லை. "பெரிய மாப்பிள்ளையப் பாருங்க" என்று என் மாமனார் என்னிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரியும்.

இப்படிப்பட்டவருக்கு நாற்பத்தெட்டு வயதில் இணையப் பைத்தியம் பிடித்தது. வீடியோக்களைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டு, சோப்புப் பெட்டி அளவில் ஒரு குட்டிக் கணினியை வாங்கி பீரோ மேல் வைத்தார். அதன் வேலை இவ்வளவுதான். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், போன் முதலில் வெளியே எங்கோ இருக்கும் ஒரு பெயர்ப் பட்டியலிடம் "இவர் விலாசம் என்ன?" என்று கேட்கும். வெளியே போய்க் கேட்காமல் இந்தப் பெட்டியிடமே கேட்கும்படி வீட்டு இணைப்பை அவர் மாற்றிவிட்டார். அவருக்குப் பிடித்த பெயராக இருந்தால் சரியான விலாசம் வரும். பிடிக்காத பெயராக இருந்தால், அப்படி ஒரு ஆளே இல்லை என்று பெட்டி கையை விரித்துவிடும். கேட்டவருக்கு யாரோ பூட்டியிருக்கிறார்கள் என்பதே தெரியாது. தளம் படுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வார்.

விளம்பரம் ஒழிந்தது, சூதாட்டம் ஒழிந்தது. தெருவே அவரை 'நெட் சார்' என்று கொண்டாடியது. நான் மட்டும் 'வடிகட்டி' என்று பெயர் வைத்தேன். வைத்தவன் வாயோடு நிறுத்தியிருக்கலாம். என் மகள் படம் வரையக் கற்றுக்கொள்ளும் வீடியோவுக்கு நடுவே ஒரு நாள் கண்கொண்டு பார்க்க முடியாத விளம்பரம் ஒன்று வந்தது. நேராக அவரிடம் ஓடினேன்.

"அண்ணே, உங்க லிஸ்ட்டையே அப்படியே நம்ம வீட்லயும் போட்டுடுங்க."

"ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

"நீங்க பாத்தா போதாதா?" என்றேன். எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒரு பெட்டியை வைத்து, பட்டியலைப் போட்டுவிட்டுப் போனார். நான்தான் சொல்லிப் போடவைத்தேன் என்று இரண்டு வாரம் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அவர் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா, எனக்கும் அக்காதான். ஒரு மழலையர் பள்ளியில் பத்து வருடமாகக் குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கும் எடுபிடி வேலை. ஒரு பட்டம் இருந்தால் அதே பள்ளியில் டீச்சர். என் மனைவிதான் முதலில் அஞ்சல் வழியில் பட்டப் படிப்பில் சேர்ந்தாள். மறு வருடம் அக்காவையும் இழுத்துச் சேர்த்துவிட்டாள். ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், தவறினால் அதுவரை பாஸானதெல்லாம் குப்பை. இருவருக்கும் சில தாள்கள் பாக்கி. தேர்வுக்குப் பதிவதெல்லாம் பல்கலைக்கழகத்தின் தளத்தில் மட்டும்தான். அந்தத் தளமோ அக்காவுக்கு இரண்டு வருடமாகத் திறக்கவே இல்லை.

"அந்த யுனிவர்சிட்டியே ஒரு டப்பா" என்பார் வடிகட்டி. அக்கா தங்கைக்குப் போன் போடுவாள்.

"உனக்காவது தொறக்குதாடி?"

"இங்கயும் இல்லக்கா."

இரண்டு வீட்டிலும் திறக்காவிட்டால் தப்பு தளத்தில்தானே இருக்க வேண்டும்? அவர்கள் கொடுத்திருந்த தொலைபேசி எண்ணை யாரும் எடுப்பதில்லை. அக்காவின் போனில் டேட்டாவும் கிடையாது. "வீட்ல வைஃபை சும்மா கெடக்கு, டேட்டா எதுக்கு?" என்று அதற்கும் வடிகட்டி ஒரு நியாயம் வைத்திருந்தார்; என் வீட்டிலும் அதே நியாயம்தான்.

போன செவ்வாய்க்கிழமை வடிகட்டிக்குக் குடலிறக்க ஆபரேஷன். புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே எனக்குப் போன் செய்தார். "வீட்ல எந்தச் சைட்டும் வரலையாம் சகலை. பெட்டி தொங்கிடுச்சு போல. அணைச்சுப் போட்டுட்டு, லிஸ்ட் ஒழுங்கா இருக்கான்னு மட்டும் பாத்துடுங்க." பாஸ்வேர்டையும் சொன்னார்.

போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தம்பி, வர்ற வெள்ளிக்கிழமையோட கடைசிப் பரீட்சைக்குப் பதியற என் கெடு முடியுது. பெட்டி சரியானதும் அந்தச் சைட் வருதான்னு ஒரே ஒரு தடவ பாருங்களேன்" என்றாள். வரும் என்ற நம்பிக்கை குரலில் இல்லை.

பெட்டியை அணைத்துப் போட்டேன். அங்கிருந்த கணினியில் பட்டியலைத் திறந்தேன். மேலே ஆயிரக்கணக்கில் விளம்பரக்காரர்கள். கடைசியில் அவராகவே சேர்த்த பகுதி. எங்கே போனாலும் ஸ்டோர் புத்தி போகுமா? பெயர், தேதி, காரணம் என்று அங்கேயும் கட்டம். பக்கத்தில், எத்தனை முறை கேட்கப்பட்டது என்று பெட்டி தானாக எண்ணி வைத்த கணக்கு.

சூதாட்டத் தளம். காரணம்: நாசம். நகைக் கடை. காரணம்: வீண் ஆசை. வேலைவாய்ப்புத் தளம். காரணம்: தேவை இல்லை. அதற்கடுத்த வரி பல்கலைக்கழகம். காரணம்: வீட்டு அமைதி. கேட்டது: 214 முறை.

அந்தக் காதுச் சாவியை யாரோ என் நாக்கில் வைத்த மாதிரி குமட்டியது. திருடன்கூட இருட்டில் முகத்தை மறைத்துக்கொண்டு வருவான். இந்த ஆள் பட்டப்பகலில் பெண்டாட்டியின் ஆயுளைப் பூட்டிவிட்டு, குண்டு குண்டான எழுத்தில் காரணமும் எழுதி வைத்திருக்கிறார். இருநூற்றுப் பதினாலு தடவை அவள் தட்டியதை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டே பார்த்திருக்கிறார். சீ, இது ஒரு பிறவியா?

அக்கா எப்போது என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. படித்தாள்.

"வீட்டு அமைதியா? இந்த வீட்ல யாரு தம்பி சத்தம் போட்டா?"

அந்த வரியை அழித்தேன். தளம் சட்டென்று திறந்தது. அக்கா அழவில்லை. என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, பதினைந்து இலக்கப் பதிவெண்ணைப் பார்க்காமலே தட்டினாள். கால் மணி நேரத்தில் பாக்கியிருந்த மூன்று தாள்களுக்கும் பதிந்துவிட்டாள். பிறகு மடித்து வைத்த துணிகளிலிருந்து அவருடைய சட்டைகளை மட்டும் பிரித்துத் தனியாக நாற்காலியில் போட்டாள்.

வாசலுக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். உடம்பு முடியாதவர் என்று நான் பார்க்கவில்லை.

"லிஸ்ட் சரியா இருக்கா சகலை?"

"இருக்குண்ணே. உங்க யோக்கியதையும் அதுலயே இருக்கு. தூ, வெக்கமா இல்ல?"

அவர் குரல் உயரவே இல்லை. "எதுக்குக் கத்தறீங்க? நான் என்ன மறைச்சா வச்சேன்? காரணம் எழுதித்தான வச்சிருக்கேன். நீங்களும்தான கேட்டு வாங்கிப் போட்டீங்க? ஒரு நாளாவது தொறந்து படிச்சீங்களா?"

போனை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து மகளின் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் கணினியை வைத்து எங்கள் வீட்டுப் பட்டியலை முதல் தடவையாகத் திறந்தேன். அதே வரி, அதே காரணம். கேட்டது: 9 முறை. தேதி வாரியாகப் பார்த்தால், ஒன்பதும் பெட்டி வைத்த முதல் மாதத்திலேயே. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

"நீ ஏன் ஒம்போதோட நிறுத்திட்ட?"

"பாப்பாவப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்ல, அங்க வைஃபைல தொறந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, நம்ம வீட்லதான் அடைச்சிருக்குன்னு."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நீங்கதான் அடைச்சீங்கன்னு நெனச்சேன். நீங்கதான் சொல்லிப் போட்டதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க."

"அக்காகிட்டயாவது..."

"எம் புருஷன் என்னப் படிக்க விடாம அடைச்சு வச்சிருக்கார்னு எந்த வாயால சொல்றது? அசிங்கமா இருந்துச்சு. அதான் இங்கயும் இல்லக்கான்னு சொல்லிட்டேன்."

அவசர அவசரமாக அந்த வரியை அழிக்கப் போனேன். "இதோ எடுத்துடறேன். இப்பவே பதிஞ்சுடலாம்."

"என்னோட கெடு போன வருஷமே முடிஞ்சுபோச்சு" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இருங்க, அழிக்காதீங்க. எனக்கு என்ன காரணம் போட்டிருக்கீங்கன்னு பாக்கணும்."

திரையை அவள் பக்கம் திருப்பினேன். அந்த இரண்டு வார்த்தைகளையும் நிதானமாகப் படித்தாள்.

"சரியாத்தான் போட்டிருக்கு" என்றாள். "அமைதியாத்தான இருந்தேன்."