சைனம்பு போட வைத்த பஸ்கி

வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் கரையான்சாவடி பக்கம் ஒரு வயோதிகர் விடுதி இருந்தது. அங்கே ஆயாவாக இருந்த வேம்புலியம்மாளுக்கு ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்த படுக்கையாய்க் கிடந்த நாகேந்திரன் ஐயாவைத் தூக்கி உட்கார வைக்கையில் பாதியில் கையை விட்டுவிட்டாள். மெத்தையில் விழுந்ததால் அவருக்கு அடியில்லை. ஆடி பிறப்பதற்குள் ஆளைத் தூக்க முடியாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி விடுதிப் பொறுப்பிலிருந்த மேட்ரனம்மா சொல்லிவிட்டார். கணவனை இழந்த வேம்புலியும் அவள் மகளும் உண்டது அந்த விடுதிச் சோறு.

அவள் வயிற்றுத்துணியை இன்னும் இறுக்கினாள். பிள்ளை பெற்றபோது சுற்றிய துணி அது. அங்கிருந்த ஆயாக்கள் எல்லோருமே அதை வருஷக்கணக்காக அவிழ்க்காமல் கட்டிவந்தார்கள். கட்டு இருந்தால்தான் இடுப்பு நிற்குமென்று நம்பினார்கள்.

கூட வேலை செய்த சைனம்பு மட்டும் கட்டவில்லை. அவள் அப்பா பூந்தமல்லியில் தாலிம்கானா என்னும் உடற்பயிற்சிக் கூடம் வைத்துப் பையன்களுக்குக் கசரத்து பழக்கியவர். கதவிடுக்கில் பார்த்தே எல்லாம் கற்றவள் அவள்.

"அந்தத் துணிய அவுத்துப் போடு வேம்பு. கட்டிக்கட்டி உன் இடுப்பு சோம்பேறியாப் பூட்ச்சு. வா, பஸ்கி போடலாம்."

"நான் இன்னா பயில்வானா? நாளெல்லாம் ஆளத் தூக்கிகினுதானே கீறேன், அது பத்தாதா?"

"தூக்கறப்போ உனக்கு அவசரம். முட்டிய மடக்கறியா, மூச்ச இழுக்கறியா? வராங்காட்டி உன் ஊட்டு வாசல்ல வந்து போட வைப்பேன்."

தெருவே வேடிக்கை பார்க்குமே என்று பயந்து வேம்புலி போனாள். விடிந்ததும் சலவை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் சேலையைச் செருகி உட்கார்ந்து எழுந்து பஸ்கி போட்டார்கள். முதலில் தொடை நடுங்கியது. மாடிப்படி ஏற அழுகை வந்தது. "குஸ்திக்குப் போறாளுங்கடி!" என்று மற்ற ஆயாக்கள் வெளியே கைகொட்டிச் சிரித்தார்கள். சைனம்பு ஒருத்தியிடமும் சண்டைக்குப் போகவில்லை. மழையிலும் வந்தாள்; நோன்பு மாதத்திலும் விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டை முடித்த கையோடு வந்தாள். அவள் வந்து நிற்கும்போது தான் மட்டும் படுத்திருக்க வேம்புலிக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனி கடைசியில் மேட்ரனம்மா சோதித்துப் பார்க்க நாகேந்திரன் ஐயாவின் கட்டிலருகே வந்து நின்றார்.

"இந்த தபாவும் கைய உட்றாதேம்மா," என்றார் நாகேந்திரன் ஐயா.

வேம்புலி முட்டியை மடக்கினாள். முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, சலவை அறையில் எழுவதுபோலவே எழுந்தாள். ஐயா தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அடியம்மா! இன்னா துன்னுட்டு வந்தே?" என்றார் ஐயா.

மேட்ரனம்மா தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அப்போதுதான் வேம்புலி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். துணியைக் கட்ட மறந்தே வந்திருந்தாள்.

மறுநாள் விடியலில் சலவை அறை வாசலில், கைகொட்டியவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒளிந்து நின்றார்கள். துணிகளை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்கள்.

சைனம்பு சேலையைச் செருகிக்கொண்டாள். "உள்ள வந்து மொதல்ல கதவ சாத்துங்கடி," என்றாள்.