உறைபனியில் ஒரு பெண்

அப்துல் கய்யூமுக்கு வாய் இருந்தது, பேச்சுத்தான் குறைவு. மயிலாப்பூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு இருபது வருஷமாகப் படுதா எழுதினார்: மாளிகை, மயில், நீரூற்று. ஊரில் பாதிப் பேர் அந்தப் படுதாக்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் மனைவி ஜமீலுன்னிசா மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். கோஷாக்காரி, அந்நிய ஆண் முன்னால் முகம் காட்டாதவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. பாவி மனுஷனிடம் அவள் சாயலில் ஒரு கீற்றுக்கூட மிச்சமில்லை.

மறுவருஷம் அடையாற்றுத் துரைசானி ஒருத்தி சின்ன போட்டோவைக் கொடுத்து, கிறிஸ்துமஸுக்குள் பெரிதாக எழுதித் தரச் சொன்னாள். அவள் பிறந்த கிராமம், குளிர்காலம். வயல், வேலி, கூரை எல்லாம் வெள்ளை. ஆள் நடமாட்டமே இல்லை.

உறைபனியைக் கய்யூம் எங்கே கண்டார்? அவருக்குத் தெரிந்த வெள்ளை உப்பளம்தான், அதுவும் ஜமீலுன்னிசா பிறந்த கோவளத்துப் பக்கம். கை தன் போக்கில் போய்விட்டது. வயல் நடுவே, இடுப்பில் குடத்தோடு, முதுகு காட்டிப் போகும் ஒரு பெண். பின்னால் அவள் காலடிகள். ஜமீலுன்னிசாவுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். இடது தடமெல்லாம் நீண்டு கிடந்தது. முகத்தைத்தான் காட்டவில்லையே, கோபிக்கமாட்டாள், யார் வீட்டுச் சுவரிலாவது இருக்கட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

படத்தைப் பார்த்ததும் துரைசானிக்குக் கண் கலங்கியது. பிறகு காலடிகளைக் கவனித்தாள். ஐந்து விரலும் தெரிந்தன. சிரித்துவிட்டு, பட்லர் வேம்புவிடம் ஏதோ சொன்னாள்.

"இன்னா பாய், இப்டி பண்ணிட்ட," என்றான் வேம்பு. "அந்தக் குளுர்ல வெறுங்கால்ல நடந்தா செத்துப்பூடுவாளாம். பொம்பளைய எட்த்துடு. மத்தபடி படம் ஷோக்கா கீதாம்."

"செருப்பு எழ்திடறேன்," என்றார் கய்யூம். "அவ இருக்கட்டும்னு சொல்லு."

வேம்பு சொன்னான். துரைசானி தலையை ஆட்டி மறுத்தாள். அவள் ஊரில் எவளும் இடுப்பில் குடம் வைப்பதில்லையாம்.

சொன்னவளுக்கு என்ன தெரியும், அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது! கய்யூம் வராந்தாவிலேயே உட்கார்ந்து வெள்ளை வர்ணத்தைக் குழைத்தார். முதலில் குடம், பிறகு முதுகு. இடது காலின் நீண்ட தடங்களைக் கடைசி வரை விட்டுவைத்தார். அப்புறம் அவற்றையும் மூடினார்.

போன வருஷம் அவளை மூட ஊர் ஜனம் கூட நின்று ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டது. இன்றைக்கு அவர் ஒருவர்தான்.