நடுவில் ஒரு டக்

அன்னாசி நறுக்கிவிட்டு மடக்குக் கத்தியை மூடினேன். பாதியில் நிற்காமல் ஒரே வீச்சில் உள்ளே போய்விட்டது. கையில் வழிந்த சாற்றைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்துவிட்டேன். இது நடுவில் ஒரு டக், மூடும்போது ஒரு டக் என்று நிற்க வேண்டிய கத்தி. செய்தவனே நான்தான், எனக்குத் தெரியாதா?

கல்யாணமான புதுசு. மலையடிவாரத்துக் கத்திப் பட்டறையில் எனக்கு வேலை. வாரக் கடைசியில் பஸ் ஏறி மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் வாழவந்தி நாட்டுக்கு வருவேன். என் மனைவி சரசு மூங்கில் ஏணியில் நின்று மிளகுக்கொடி கட்டுவாள். ஒரு கை மரத்தைப் பிடித்திருக்கும். கயிறு அறுத்த கத்தியைத் தொடையில் அழுத்தி மறுகையாலேயே மூடுவாள். நான் முதலில் செய்துகொடுத்தது ரொம்ப இறுக்கமாம். "ஏனுங்க, நகமே பேந்துபோவுது. கொஞ்சம் மெதுவா பண்ணிக் குடுங்க."

அலகின் அடிப்பாகம் கைப்பிடிக்குள் ஒரு ஆணியில் சுழலும். அதன் முதுகை ஸ்பிரிங் பட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். அடிப்பாகத்தின் மூலைகளை அரத்தால் உருட்டிவிட்டால் வெண்ணெய் மாதிரித் திறக்கும். புதுப்பெண்டாட்டி கேட்டால் மாட்டேன் என்றா சொல்வேன்? உருட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வந்தால் விரலில் துணிக்கட்டு. மூடும்போது வெடுக்கென்று விரலைப் பதம் பார்த்துவிட்டது. "கத்தி மேல தப்பில்லீங்க, என்ற கைதான் ஈரம்" என்று சாதித்தாள். ஏணி உச்சியில் இன்னொரு தரம் இப்படி ஆனால்?

புது அலகு செய்து, அடிப்பாகத்தைச் சதுரமாகவே விட்டேன். பாதி மடங்கியதும் தட்டைப் பக்கம் ஸ்பிரிங்கில் உட்கார்ந்து நின்றுவிடும். விரலை விலக்கிக்கொண்டு இன்னொரு அழுத்து. அப்புறம் அவள் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நகத்தைப் பற்றிய புகார் மட்டும் ரொம்ப நாள் ஓயவில்லை, அது வேறு விஷயம்.

பட்டறையை விட்டு நான் மலைக்கே வந்தபிறகு தினமும் கேட்பேன். தோட்டத்திலிருந்து வந்து வாசலில் நின்று கத்தியை மூடுவாள். டக். "சாப்ட்டீங்களா?" நான் ஏதாவது முனகுவேன். டக். கத்தி அவள் மடிக்குப் போய்விடும். என் கையில் கொடுத்ததே இல்லை.

அவள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. இன்றைக்குத்தான் கத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். ஆணியைக் கழற்றிப் பார்த்தால், மூலைகள் வழவழவென்று உருண்டு கிடக்கின்றன. இது ஒரு நாளில் வந்த தேய்மானமில்லை, எத்தனையோ வருசத்துத் தேய்மானம். பட்டறை இரைச்சலில் மந்தமான காது எனக்கு. கேள்வி வந்ததால் டக்கும் வந்தது என்று நினைத்துக்கொண்டேன் போல. கத்தி நிற்கவில்லை, ஐயோ, சாப்ட்டீங்களா என்று கேட்க இவளல்லவா அதைப் பாதியில் பிடித்து நின்றிருக்கிறாள்!

ஆணியை மாட்டி, பாதியில் நானே பிடித்து நிறுத்திப் பார்த்தேன். நிற்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.